ஊரார் பிள்ளையும் தன் பிள்ளையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணாச்சி போன மாதம் தொலைபேசியில் பேசினார். “தம்பி, நீ காத்தாடிக் கம்பெனியில வேலை பாக்கிற. சாயங்காலம் புள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிற. கதை, கட்டுரைன்னு எழுதவும் செய்யிற. ரெண்டு புள்ளைக்குத் தகப்பன் வேற. இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறன்னு ஒரு கால் மணி நேரம் பேசேன்” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “அப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. அதில பாதி நான்ல பேசணும்?” என்றாள்.

கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் இன்று நான் பொய் சொல்ல முடியாது. ‘எப்படிச் சமாளிக்கிறேன்’ என்று பேசுவதற்குப் பதிலாக, ‘எங்கே சமாளிக்கத் தவறினேன்’ என்று பேசிவிடுகிறேன். அதுதான் உங்களுக்கும் பயன்படும்.

2010இல் இயந்திரவியல் முடித்து வெளியே போனவன் நான். நாலு வருஷம் கோயம்புத்தூர். பிறகு சொந்த ஊரான கயத்தாறுக்கே வந்து சேர்ந்தேன். கயத்தாறு என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கட்டபொம்மன் நினைவுக்கு வருவார். 1799 அக்டோபர் 16ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்ட மண். எங்களைப் போன்றவர்களுக்குக் கயத்தாறு என்றால் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வந்து இறங்கும் பொட்டல் அது. தமிழ்நாட்டில் தொடக்க காலத்திலேயே காற்றாலை வந்த ஊர்களில் ஒன்று. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையமும் அங்கேதான் இருக்கிறது.

வைகாசி பிறந்துவிட்டால் எங்களுக்கு அறுவடைக் காலம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் தூக்கமும் பறக்கும். வருஷ உற்பத்தியில் பெரும்பகுதி அந்த நாலைந்து மாதத்தில்தான். அப்போது ஒரு இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றாலும் மேலிடத்தில் கணக்குக் கேட்பார்கள். ராத்திரி ஒரு மணிக்கு ‘ட்ரிப் ஆயிடுச்சு சார்’ என்று அழைப்பு வந்தால், கைலியை மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

இதற்கு நடுவில் 2017இல், தாத்தா வீட்டுத் திண்ணையில் மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்தேன். காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். காசு வாங்குவதில்லை. மூன்று பேர் ஆறாகி, ஆறு இருபத்திரண்டு ஆனது. வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை. தெருவில் நடந்தால் ‘சார், சார்’ என்று கூப்பிடுவார்கள். பொறியாளர் வேலையில் கிடைக்காத ஒரு மரியாதை அதில் கிடைத்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப் போய்விட்டது.

எழுத்து அதற்கு முன்பே இருந்தது. நம் கல்லூரி ஆண்டு மலரில் எழுதிய ஒரு கதையைத் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டியதில் பிடித்த கிறுக்கு. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஆறு மணி வரை எழுதுவேன். ராத்திரி டியூஷன் முடிந்தும் எழுதுவேன். கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு எழுதாமல் இருப்பதுதான் கஷ்டம். எங்களைச் சுற்றிப் பாருங்கள். சோ. தர்மன் மில் தொழிலாளியாக இருந்துகொண்டு எழுதினார். பூமணி கூட்டுறவுத் துறையில் அதிகாரி. தமிழ்ச்செல்வன் தபால் துறை. யாரும் எழுத்தை மட்டும் வைத்து அடுப்பு எரித்தவர்கள் இல்லை. ‘அவர்களால் முடிந்தது, நம்மால் முடியாதா?’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம். மகள் அப்போது அஞ்சாப்பு. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வழக்கமாக அவள் அம்மாதான் போவாள். அன்றைக்குச் சின்னவனுக்குக் காய்ச்சல் என்பதால் நான் போனேன். டீச்சர் நல்லவர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: “பாப்பா எல்லாத்துலயும் நல்லா இருக்கா சார். கணக்குதான்... பின்னம் வந்ததுல இருந்து அப்படியே நின்னுட்டா. அரையும் காலும் கூட்டச் சொன்னா முழிக்கிறா.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “நீங்கதானே சார் ஊருக்கே கணக்குச் சொல்லிக் குடுக்கிறது?” என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்.

வண்டியில் வரும்போது மகளிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். “புரியலைன்னா அப்பாகிட்ட கேக்க வேண்டியதுதானே?”

பின்னால் உட்கார்ந்தபடியே சொன்னாள். “கேட்டேம்ப்பா. ‘டியூஷன் முடியட்டும்’னு சொன்னீங்க. டியூஷன் முடிஞ்சதும் கேட்டேன். ‘இந்தப் பக்கத்தை எழுதி முடிச்சிருதேன்’னு சொன்னீங்க. அப்புறம் நான் தூங்கிட்டேன்.”

கொஞ்ச தூரம் போன பிறகு அவளே கேட்டாள். “நானும் டியூஷனுக்கு வந்து அந்தப் பிள்ளைகளோட உக்காந்துக்கிடட்டுமா? அப்பச் சொல்லிக் குடுப்பீங்கள்ல?”

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அது ஒரு நல்ல வழி என்று நினைத்துத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அன்று ராத்திரி எனக்கு கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதை ஞாபகத்துக்கு வந்தது. கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு வரும் வழியில் இருக்கிற இடைசெவல்காரர் அவர். 1923இல் பிறந்து, 1970இல் நாற்பத்தாறு வயதில் மறைந்தார். மறைந்த பிறகு, அந்தக் கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்குத்தான் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. படிக்காத மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புத்தகமும் எழுத்துமாக வாழும் ஒருவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் அவரிடம் உயிராக இருக்கிறார்கள். அவரும் அப்படியே. ஒரு நாள் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் டைரி வாங்கிக் கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. வேண்டும் என்று செய்ததில்லை. அவர் மனதில் அது தோன்றவே இல்லை. அந்தப் பையன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் உபசரித்து, கடைசியில் தானே ஒரு டைரியை எடுத்து நீட்டுகிறான். அவர் கொடுத்த அன்பளிப்பு என்று அதில் அவரையே எழுதித் தரச் சொல்கிறான்.

கல்லூரியில் படித்தபோது இதைப் படித்துக் கண் கலங்கியிருக்கிறேன். அந்தப் பையனுக்காகத்தான் கலங்கினேன். முப்பத்தைந்து வயதில் படித்தபோதுதான் அது அந்தப் பெரியவரைப் பற்றிய கதையும்கூட என்று தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. அன்பில்லாதவரும் இல்லை. எல்லாப் பிள்ளைகளிடமும் நல்லவராக இருந்தவர், ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். என் வீட்டு சாரங்கன் எனக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் பொறியாளன் இல்லையா? உடனே ஒரு அட்டவணை போட்டேன். நாலரை முதல் ஆறு வரை எழுத்து, ஆறு முதல் ஏழு வரை மகள், எட்டரை முதல் ஐந்து வரை வேலை என்று வண்ண வண்ணமாக அச்சடித்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பதினோராம் நாள் ஒரு இயந்திரத்தின் கியர் பாக்ஸ் கோளாறாகி இரண்டு ராத்திரி சைட்டில் கிடந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அட்டவணையின் ஓரத்தில் சின்னவன் யானை வரைந்திருந்தான். அதை எடுத்துவிட்டு யானையை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டோம்.

அட்டவணை ஏன் தோற்றது என்பதை என் தொழிலே எனக்குச் சொல்லித் தந்தது. மாணவர்களே, பெட்ஸ் எல்லை படித்திருப்பீர்கள். ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொன்னது. எவ்வளவு நல்ல காற்றாலை செய்தாலும், காற்றில் இருக்கிற ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஏன்? முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும். நின்ற காற்று வழியை அடைக்கும். புதுக் காற்று வராது. சக்கரம் சுற்ற வேண்டுமென்றால், ஒரு பங்கு காற்று நம் கைக்குச் சிக்காமல் கடந்து போகத்தான் வேண்டும்.

நான் ஒரு நாளின் இருபத்துநாலு மணி நேரத்தையும் பிடிக்கப் பார்த்தேன். பிள்ளையோடு இருப்பதற்குக்கூட ‘ஆறு முதல் ஏழு’ என்று கட்டம் போட்டேன். பிள்ளைகள் கட்டத்துக்குள் வந்து பேசுவதில்லை, அண்ணாச்சி. வெண்டைக்காய் நறுக்கும்போது பேசுகிறார்கள். பல் தேய்க்கும்போது பேசுகிறார்கள். ஒன்றுமே செய்யாமல் நாம் சும்மா இருக்கிற நேரத்தில்தான் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தைத்தான் நான் முதலில் தின்று தீர்த்திருந்தேன்.

இனி இன்னொரு கணக்கு. இது எனக்கு இன்னும் தாமதமாகப் புரிந்தது.

இடைசெவல் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் கி. ராஜநாராயணன். கு. அழகிரிசாமியின் அதே ஊர், அதே வயது, ஆயுள் நட்பு. பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு விவசாயி, முப்பத்தைந்து வயதை ஒட்டித்தான் கதை எழுத ஆரம்பித்தார். ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதியே தொகுத்தார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதமி விருது. அறுபது வயதுக்கு மேல் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி நாட்டுப்புறக் கதைகளைத் திரட்ட வைத்தார். 2021 மே மாதம், தொண்ணூற்றெட்டாம் வயதில் புதுச்சேரியில் மறைந்தார். அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம் செய்தார்கள்.

எழுத்து, போதனை, குடும்பம் மூன்றையும் ஒருவர் எப்படிச் சமாளித்தார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? நானும் மேடை மேடையாக இந்த உதாரணத்தைச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கேட்டாள்: “அந்த அம்மா பேரு என்ன?”

கணவதி அம்மாள். 1954இல் கல்யாணம். இரண்டு பிள்ளைகள். 2019இல் அந்த அம்மாள் மறையும் வரை அறுபத்தைந்து வருஷ இல்வாழ்க்கை. கி.ரா. உடல்நலம் சரியில்லாதவராகத்தான் கல்யாணம் செய்துகொண்டார்; காசநோயோடு போராடி வந்தவர். மானாவாரிச் சம்சாரி வீட்டில் காட்டுப்பாடும் வீட்டுப்பாடும் எவ்வளவு என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி வராத நாள் இல்லாத வீடு அது. பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பத்து மேடைகளில் ஒன்றில்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

என் மனைவி எம்.ஏ. வரலாறு, பி.எட். ஆசிரியர் தேர்வுக்கு இரண்டு தடவை விண்ணப்பித்து, இரண்டு தடவையும் படிக்க நேரம் இல்லாமல் சும்மா போய் எழுதிவிட்டு வந்தவள். அந்த நேரம் எங்கே போனது? என் இருபத்திரண்டு பிள்ளைகளிடம் போனது. என் சிறுகதைகளுக்குள் போனது. நான் விடியற்காலையில் எழுதியபோது சின்னவன் அழுதால் எழுந்தது யார்? திண்ணை வகுப்பைக் காசு வாங்காத சேவை என்று ஊர் சொன்னது. காசு வாங்கவில்லை என்பது சரி. இலவசம் என்பது சரியில்லை. அதற்கான விலையை ஒருத்தி வீட்டுக்குள் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆற்றல் இல்லாத இடத்திலிருந்து ஆற்றல் வராது என்று நமக்கு முதல் பருவத்திலேயே பாடம் நடத்தினார்களே, அதை நான் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று சொல்வார்கள். அந்தப் பழமொழியை நம்பித்தான் நான் இருந்தேன். பின்னம் தெரியாத என் பிள்ளை தானே வளரவில்லை. ஆனால் அந்தப் பழமொழிக்கு இன்னொரு பொருள் சொல்வார்கள், பட்டிமன்றத்தில் கேட்டிருப்பீர்கள். ஊரார் பிள்ளை என்பது, இன்னொரு வீட்டில் பிறந்து நம் வீட்டுக்கு வந்த பெண். கர்ப்பிணியான அவளை நன்றாகக் கவனித்தால், வயிற்றில் இருக்கிற தன் பிள்ளை தானே வளரும் என்பது. எது மூலப் பொருள் என்பதைத் தமிழ்ப் பேராசிரியர்கள் முடிவு செய்யட்டும். எனக்கு இரண்டாவது பொருள்தான் தேவைப்பட்டது.

சரி, என்ன செய்தோம்? பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நானும் அவளும் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பேசினோம். கரிசல்காட்டில் வருஷம் பூராவும் எல்லாவற்றையும் விதைப்பதில்லை. புரட்டாசியில் ஈரம் பார்த்து விதைக்கிறோம். மற்ற நேரம் உழவு, காத்திருப்பு. அதே மாதிரி வேலைகளைப் பருவமாகப் பிரித்தோம். காற்றுக் காலத்தில் நான் கதை எழுதுவதில்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு மட்டும். தோன்றுவதைக் குறித்து வைப்பேன். ஐப்பசி முதல் மாசி வரைதான் எழுத்து. வகுப்பை ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைத்தேன். முன்பு என்னிடம் படித்து இப்போது கல்லூரிக்குப் போகிற இரண்டு பேர் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும், வாரத்தில் இரண்டு சாயங்காலமும், என் மனைவியின் படிப்பு நேரம். அப்போது சமையல்கட்டு என்னுடையது. என் சாம்பாரைப் பற்றி அவளிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளுக்கு நேரம் குறிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கைபேசியை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவள் வந்தால் கணக்கு, வராவிட்டால் வேடிக்கை. கடலை மிட்டாயை உடைத்து உடைத்து அரையும் காலும் முக்காலும் படித்தோம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்ததை இப்படியும் பயன்படுத்தலாம்!

‘எல்லாம் சரியாகிவிட்டதா?’ என்று கேட்பீர்கள். இல்லை. மூன்று வருஷமாகச் சொல்லிவரும் என் சிறுகதைத் தொகுப்பு இன்னும் வரவில்லை. மனைவி போன தடவை தேர்வில் நாலு மதிப்பெண்ணில் விட்டுவிட்டாள், மறுபடி படிக்கிறாள். வகுப்பைக் குறைத்ததும் சில பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பையன் பத்தாப்பு. கணக்கில் மட்டும் தவறிவிட்டான். துணைத்தேர்வு எழுதடா என்று தேடிப் போனபோது திருப்பூருக்குப் போய்விட்டான். ஐந்து நாள் வகுப்பு இருந்திருந்தால் அவன் தேறியிருப்பானா? தெரியாது. அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “நல்லா இருக்கீங்களா சார்? புள்ளைக நல்லா இருக்கா?” என்றுதான் கேட்கிறார். ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே, ‘சமநிலை’ என்ற சொல்லை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. இரண்டு பக்கமும் சமமாக வராத கணக்கு இது. நாம் ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுக்கிற ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவரிடமிருந்துதான் எடுக்கப்படுகிறது. எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. யாரிடமிருந்து எடுக்கிறோம் என்று தெரிந்து எடுங்கள். கேட்டு எடுங்கள். திருப்பிக் கொடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத வேண்டும், நாலு பேருக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசை இருந்தால் விடாதீர்கள். முப்பத்தைந்தில் ஆரம்பித்த சம்சாரி தொண்ணூற்றேழு வயதிலும் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து காத்திருக்கும். ஆனால் அஞ்சாப்புப் படிக்கிற பிள்ளை ஒரு வருஷம்தான் அஞ்சாப்புப் படிக்கும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கோவில்பட்டி, கயத்தாறு வட்டாரத்தில் கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகள் நிறைய. நம் முன்னாள் மாணவர்களில் இருபது பேர் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் கொடுத்தால், ஒரே ஆள் ஐந்து நாள் ஓட வேண்டிய அவசியம் இல்லை. திருப்பூர் போகிற ஒரு பையனையாவது நிறுத்தலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டின்போது என்னைப் பாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் கேட்டுவிட்டு வந்து பெயர் கொடுங்கள்.

என் உரையில் பாதி மூன்றாவது வரிசையில் இருப்பவருடையது.

(கட்டுரையாளர் 2010ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர். கயத்தாறு பகுதியில் காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளராகப் பணிபுரிகிறார். உரைக்குப் பின் பதினான்கு பேர் பெயர் கொடுத்துள்ளனர்.)